இலையுதிர் காலத்துச் சம்மதம்

ஸ்கார்வா தீவுக்கு எந்தப் பருவத்தில் போனால் நல்லது என்று கேட்டு வருகிறவர்களுக்கு கிளாட்சன் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுவான். வெயில் காலம் என்றால் சூரியன் மறையாது, திமிங்கிலம் பார்க்கலாம். இலையுதிர் காலம் என்றால் மலை முழுக்கச் சிவப்பு, கொசுவும் கிடையாது. குளிர்காலத்தில் வானத்தில் பச்சை வெளிச்சம் ஆடும். வசந்தத்தில் கரடிகள் குட்டிகளோடு வெளியே வரும். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் இருந்த அந்தப் பயண அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வசதி படைத்தவர்கள். அவர்களுக்கு இந்தப் பதில் போதும். படத்தைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

செண்பகவல்லி அப்படி வந்தவள் இல்லை. அவள் கணவன் கோமதிநாயகம் அந்தத் தீவில் காவலாளி. பெயரையும் ஊரையும் கேட்டதுமே கிளாட்சன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான். இந்த மாதிரிக் குடும்பங்களுக்கு அவனிடம் வேறு பதில் இருந்தது. அதைச் சொல்ல அவனுக்குப் பிடிக்காது.

"அம்மா, உங்களுக்குத் திமிங்கிலம் எல்லாம் பாக்க வேண்டாம்ல?"

"திமிங்கிலத்த வச்சு நான் என்ன செய்ய? எங்க வீட்டுக்காரர ஊருக்குக் கூட்டிட்டு வரணும். எப்பம் போனா கூட்டிட்டு வரலாம்? அத மட்டும் சொல்லுங்க தம்பி."

கோவில்பட்டி நான்குவழிச் சாலையில் வண்டிகளுக்கு மின்சாரம் ஏற்றும் நிலையத்தில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்க வேண்டும். நாற்காலி கிடைத்ததும் முழங்காலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தவள், அதற்குப் பிறகு எழுந்திருக்கவே மனமில்லாதவளாக இருந்தாள்.

ஸ்கார்வாவைக் காட்டுக்கே விட்டுவிடுவது என்று பல நாடுகள் சேர்ந்து முடிவுகட்டி ரொம்பக் காலம் ஆகிறது. அங்கே வீடு கூடாது, சாலை கூடாது, குளிர்காலத்தில் அடுப்பெரிக்கக்கூட அனுமதி கிடையாது. எந்த மனிதனும் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் காலடி வைக்கலாம். ஆனால் திருட்டுத்தனமாக வேட்டையாட வருகிறவனுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியுமா? காவல் வேண்டியிருந்தது. நெருப்பே இல்லாத இடத்தில் காவலாளி குளிரை எப்படித் தாங்குவான் என்று யோசித்தார்கள். கரடி என்ன செய்கிறதோ அதையே அவனும் செய்யட்டும் என்று ஒரு நிறுவனம் வழி கண்டுபிடித்தது. இலையுதிர் காலத்தில் ஊசி. பிறகு எட்டு மாதம் தூக்கம். உடம்பு சில்லிட்டுவிடும், பசி எடுக்காது, முடியும் நகமும்கூட வளராது. வயதும் ஏறாது. இப்படித் தூங்கிக் கிடக்க அந்தப் பக்கத்து ஆள் ஒருவனும் முன்வரவில்லை. அதனால் மழையும் வேலையும் இல்லாத ஊர்களாகப் பார்த்து ஆள் எடுத்தார்கள். கோவில்பட்டிப் பக்கம் அவர்களுக்கு ஆள் தட்டில்லாமல் கிடைத்தது.

"ஐப்பசியில அவுகளுக்கு அறுபது நெறையுது" என்றாள் செண்பகவல்லி. "அறுபதுல விட்டுருவோம்னுதான சொல்லிக் கூட்டிட்டுப் போனாக? கம்பெனியிலருந்து ஒரு தாக்கலயும் காணோம். அதான் நேர்ல போயே கூட்டிட்டு வரலாம்னு."

கிளாட்சன் வார்த்தைகளை மென்று முழுங்கினான். இந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் அவனுக்கு இப்படித்தான் ஆகிறது.

"அந்த அறுபது உங்க பஞ்சாங்கத்து அறுபது இல்லம்மா. உடம்புக்கு அறுபது. முழிச்சிருந்த காலத்தத்தான் வயசாக் கணக்கு வைப்பாங்க. அவங்க கணக்குல சாருக்கு இப்ப நாப்பத்தேழுதான் ஆகுது."

"அப்போ எப்பம் அறுபதாகும்?"

"நாலு மாசம் முழிச்சு, எட்டு மாசம் தூங்கி... இன்னும் ஒரு நாப்பது வருசம் ஆகும்மா."

செண்பகவல்லிக்கு அழுகை வரவில்லை. வேலை முடியும் நேரத்தில் வரிசையாக லாரிகள் வந்து நின்றால் எப்படி இருக்குமோ, அப்படி ஓர் அலுப்புதான் வந்தது. அறுபது என்று சொன்னால் அறுபது என்றுதான் அவளும் நினைத்தாள், அவரும் நினைத்தார், அந்த வட்டாரத்தில் கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் நினைத்தார்கள். வயதுக்கு இரண்டு கணக்கு இருக்க முடியும் என்று யாருக்குத் தோன்றும்?

"வேற வழி இருக்கா?"

"இருக்கு. பொண்டாட்டி நேர்ல போயி 'அனுப்புங்க'ன்னு கேக்கலாம். புருசன் வாயால 'சரி'ன்னு சொல்லணும். சொல்லிட்டா அன்னைக்கே விட்டுருவாங்க. ஆனா நீங்க ஒரே ஒரு தடவதான் போக முடியும். அதனால எந்தப் பருவத்துல போறீங்கங்கிறதுதான் முக்கியம்." அவன் குரலைத் தணித்தான். "வெயில் காலத்துல போனா சார் முழுசா முழிச்சு, நல்ல தெளிவா இருப்பாரு. ஆனா வர மாட்டேம்பாரு. நான் அனுப்பி வெயில் காலத்துல போன ஒரு அம்மாகூடப் புருசனோட திரும்பல. அந்த நாலு மாசமும் பகல்தான், அலைச்சல்தான். ஊரு நெனப்பே அவங்களுக்கு வராதாம். குளிர்காலத்துல போனா கண்ணாடி வழியாப் படுத்திருக்கிறதப் பாத்துட்டு வரலாம், அவ்வளவுதான். வசந்தத்துல எழும்பும்போது பசி, கோவம். ஆளே அடையாளம் தெரியாது. ஒருத்தரு சொந்தப் பொண்டாட்டியவே பிடிச்சுத் தள்ளிட்டாரு."

"மிச்சம் இருக்கிறது?"

"இலையுதிர் காலம். மருந்து ஏத்த ஆரம்பிச்சிருப்பாங்க. நல்லாச் சாப்பிட வச்சு, சதை போட்டு, சாதுவா இருப்பாங்க. கோவமே வராது. என்ன கேட்டாலும் சரிம்பாங்க."

"தூக்கக் கலக்கத்துல கேட்டா எவன்தான் சரின்னு சொல்ல மாட்டான்?"

"சட்டப்படி அது செல்லும்மா. கண்ணு தெறந்திருந்தாப் போதும்."

மகளிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

மகள் உலகம்மைக்கு யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை. மதுரையிலிருந்து போனில் படபடவென்று பொரிந்தாள்.

"இதுல கேக்கிறதுக்கு என்ன இருக்கு? புரட்டாசில போ, கூட்டிட்டு வா. ஐப்பசில அப்பா நட்சத்திரத்தன்னைக்கு அறுபதாங்கல்யாணம். மண்டபம் பாத்தாச்சு, ஐயரப் பாத்தாச்சு, எங்க மாமியார் வீட்ல சொல்லியாச்சு. நான் பள்ளிக்கூடம் போகும்போது போன மனுசன். நம்ம ரெண்டு பேருக்கும் அவுக செஞ்சது என்ன? ஒரு கல்யாணத்துக்காவது வந்து உக்காரட்டும்."

"அவுகளுக்கு அறுபது ஆகலயாம்டி. நாப்பத்தேழுதானாம்."

"யாரு சொன்னா? பெறந்த தேதி என்னன்னு எனக்குத் தெரியாதா?"

செண்பகவல்லி போனை வைத்தாள். அவளுக்கு ஐம்பத்தாறு. கல்யாணம் ஆனபோது அவர் அவளுக்கு நாலு வயது மூத்தவர், ஜாதகம் பார்த்து முடித்தது. இப்போது அவள் அவரைத் தாண்டி எங்கேயோ வந்துவிட்டாள். வெயில் காலத்தில் எப்போதாவது அவர் போனில் வந்தால், அந்தப் பக்கம் தெரிகிற முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. போன வருஷத்திலிருந்து தன் போனில் கேமரா கெட்டுப்போய்விட்டது என்று சொல்லி வைத்திருந்தாள். கேமரா நன்றாகத்தான் இருந்தது. 'குரல் கேட்டாப் போதும்' என்று அவரும் விட்டுவிட்டார். அவர் வற்புறுத்திக் கேட்கவில்லையே என்று அதற்கும் அவளுக்கு ஓர் ஆற்றாமை.

புரட்டாசியில் புறப்பட்டாள். புறப்படும் முன் தலைக்கு மை அடித்துக்கொண்டாள். பழக்கம் இல்லாததால் நெற்றியோரத்தில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. மூன்று விமானம், ஒரு கப்பல். வழியெல்லாம் உட்கார்ந்தபடியே தூங்கினாள். எழுந்தபோதெல்லாம் இன்னும் தூக்கம் வந்தது.

தீவு சிவப்பாகத்தான் இருந்தது. கூட வந்த பயணிகள் கரையில் இறங்கியதும் ஓடி ஓடிப் படம் எடுத்தார்கள். செண்பகவல்லி அந்த மலையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். இதைத்தானா இத்தனை வருஷம் காவல் காத்தார் என்று நினைத்துக்கொண்டு, காவலாளிகள் இருக்கிற மரக்கொட்டகைக்கு வழி கேட்டுப் போனாள்.

கொட்டகையைப் பார்த்துக்கொள்கிற தாதி ஒரு தமிழ்ப் பெண். பாட்டன் காலத்திலேயே யாழ்ப்பாணத்திலிருந்து வடக்கே வந்து குடியேறிய குடும்பம், பெயர் துஷ்யந்தி. "வாங்கோ அக்கா, களைச்சுப் போய் வந்திருக்கிறியள்" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். மீன் எண்ணெய் வாடை. நீள நெடுக மெத்தைகள். மெத்தைக்கு ஒருவராக நம் பக்கத்து முகங்கள், கன்னம் உப்பி, கிண்ணத்தில் கஞ்சியை வைத்துக்கொண்டு மெதுவாகக் குடித்துக்கொண்டிருந்தன. யாரும் யாரோடும் பேசவில்லை.

கோமதிநாயகம் கடைசி மெத்தையில் இருந்தார். அவளைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்தார். முகம் முழுக்கச் சிரிப்பு பரவ வெகுநேரம் ஆயிற்று.

"ஏளா செம்பகம், எப்பம் வந்தே?"

முந்தானையால் தலையை மூடினாள். அவர் கையை நீட்டி அவள் நெற்றியோரத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"மை ஒட்டியிருக்கு" என்றார்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். அவர் ஒன்றும் கேட்காமல் தேய்த்துக்கொண்டே இருந்தார். அழுகை ஓய்ந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, வந்த காரியத்தைக் கேட்டாள்.

"ஊருக்குப் போவமா?"

"சரி."

அவ்வளவுதான். இந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தாள். கிடைத்துவிட்டது. எழுந்துபோய்த் தாதியிடம் சொல்லிவிட்டுக் கைரேகை வைக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அவர் அதைச் சொன்ன வேகம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"உலகு உங்களுக்கு அறுபதாங்கல்யாணம் வச்சிருக்கா. எனக்குத் திரும்பத் தாலி கட்டணும். கட்டுவீகளா?"

"சரி."

"வேண்டாம், இங்கனயே இருந்துருங்க. நான் மட்டும் போறேன்."

"சரி."

"நான் கெழவியாப் போயிட்டேன். என்னயப் பாக்கவே உங்களுக்குப் பிடிக்கல. அப்படித்தான?"

"சரி" என்றார் கோமதிநாயகம், அதே சிரிப்போடு. கட்டைவிரல் இன்னும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

செண்பகவல்லி அந்தக் கையை மெதுவாக எடுத்து மெத்தைமேல் வைத்தாள். உறங்குகிறவன் மடியிலிருந்து எதையோ உருவ வந்தவள் மாதிரி அவளுக்குக் கூசியது. உருவப் போவது யாருடையதை? சொந்தப் புருஷனுடையதை. இந்த மனுஷனைக் கூட்டிக்கொண்டு போகலாம், மாலை போடலாம், மணையில் உட்காரவைக்கலாம். வைகாசியில் மருந்து இறங்கிக் கண் விழித்து, 'என்னை யார் கேட்டு இங்கே கொண்டுவந்தாய்' என்று கேட்டால் என்ன பதில் சொல்வாள்?

எழுந்துபோய் துஷ்யந்தியிடம் சொன்னாள். "அவுகள நான் கூட்டிட்டுப் போகலம்மா."

"ஏன் அக்கா? ஓம் எண்டுதானே சொன்னவர்?"

"அவுக எல்லாத்துக்கும் சரிங்காக. செத்துப் போன்னு சொன்னாலும் சரிம்பாக. இப்படிக் கூட்டிட்டுப் போனா களவுல்லா?"

துஷ்யந்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, உங்களிட்ட ஒண்டு சொல்ல வேணும். வெயில் காலத்தில, நல்ல தெளிவா இருக்கேக்க, அவர் என்னட்ட வந்து சொன்னவர். 'என்ர மனிசி வந்தா இலையுதிர் காலத்தில வரச் சொல்லுங்கோ. தெளிவா இருக்கேக்க கேட்டா, வெக்கத்தில நான் மாட்டன் எண்டு சொல்லிப் போடுவன். அறிவு மங்கியிருக்கேக்க கூட்டிக்கொண்டு போகட்டும்' எண்டு. கண் கலங்கித்தான் சொன்னவர்."

செண்பகவல்லிக்கு முதலில் வந்தது கோபம்தான். பிள்ளை வளர்ப்பை அவள் தலையில் கட்டினார். மாமியாருக்குக் கொள்ளி வைக்க ஆள் பிடித்தது அவள். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது அவள். இப்போது ஊருக்கு வருவதா வேண்டாமா என்று சொல்கிற வேலையையும் அவளிடமே தள்ளிவிட்டுத் தூங்கப் போகிறாராம். 'மாட்டேன்' என்று சொல்லவும் வாய் இல்லை, 'வருகிறேன்' என்று சொல்லவும் வாய் இல்லை. என்ன ஆம்பளை!

கோபம் இறங்கியதும் உள்ளே ஏதோ இளகிக் கொடுத்தது. வெட்கமா? அவருக்குமா? கேமராவை மூடிக்கொண்டு அவள் இந்தப் பக்கம் வெட்கப்பட்ட காலத்தில், அவர் அந்தப் பக்கம் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாரா? அப்படியானால் இது களவு இல்லை. அவர் தெளிந்த புத்தியோடு கொடுத்துவைத்ததை அவள் வாங்கிக்கொள்கிறாள், அவ்வளவுதான். அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை. கைரேகை வைத்தாள்.

திரும்பும் கப்பலில் அவரை ஜன்னலோரம் உட்காரவைத்துப் போர்த்திவிட்டாள். உட்கார்ந்த உடனே அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். பாரம்தான், ஆனால் அந்தப் பாரம் அவளுக்குப் பிடித்திருந்தது. எதிர் இருக்கையிலும் ஒரு பெண், அவள் தோளிலும் ஓர் ஆள். சங்கரன்கோவில்காரி, பெயர் மாரிக்கனி என்றாள். தலையெல்லாம் நரை. முகத்தில் மட்டும் புதுப்பெண்ணுக்கு வருகிற பூரிப்பு.

"கூட்டிட்டுப் போறதா வேண்டாமான்னு எனக்கு ஒரே குழப்பம் மைனி" என்றாள் மாரிக்கனி. "எதக் கேட்டாலும் தலையாட்டுதாக. இது என்ன சம்மதம், வேண்டாம்னு திரும்பியே போயிருப்பேன். அந்தச் சிலோன்காரப் புள்ளதான் வெவரத்தச் சொன்னா. வெயில் காலத்துல, நல்லாத் தெளிவா இருக்கும்போது, அவுகளே போயிச் சொன்னாகளாம். 'எம்பொண்டாட்டிய இலையுதிர் காலத்துல வரச் சொல்லுங்க, தெளிவா இருக்கையில கேட்டா வெக்கத்துல மாட்டேன்னு சொல்லிருவேன்'னு. கண்ணு கலங்கிட்டாகளாம். எங்க வீட்டுக்காரரு, மைனி! வாயத் தெறந்து ஒரு வார்த்த நல்லதாப் பேசாத மனுசன்!"

சொல்லிவிட்டுத் தோளில் கிடந்தவரின் போர்வையை இழுத்துவிட்டாள்.

அந்தத் தாதிப் பெண் எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருப்பாள்? தனியாகத் திரும்பிப் போகிற மனைவிகளைப் பார்த்துப் பார்த்து மனசு பொறுக்காமல் சொன்னாளா, புது ஆளுக்காக மெத்தை காலியாகட்டும் என்று மேலிடம் சொல்லச் சொல்லிச் சொன்னாளா? அல்லது எல்லா ஆண்களும் நிஜமாகவே ஒரே மாதிரிதான் வெட்கப்பட்டார்களா? செண்பகவல்லி தன் தோளில் கிடந்த முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அது லேசாக வாய் திறந்து தூங்கியது.

"உங்க வீட்டுக்காரரு என்ன சொன்னாராம் மைனி?" என்று கேட்டாள் மாரிக்கனி.

"இவுக ஒண்ணும் சொல்லல" என்றாள் செண்பகவல்லி. "உங்களுக்குக் குடுத்து வச்சிருக்கு."

மாரிக்கனி வெட்கப்பட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்கிற அளவுக்கு அவளோடு தனக்கு ஒரு பகையும் இல்லை என்று செண்பகவல்லி நினைத்துக்கொண்டாள்.

துறைமுகம் நெருங்கியதும் போனுக்கு உயிர் வந்தது. முதல் அழைப்பே உலகம்மை.

"அம்மா! அப்பா வாராகளா? சரின்னு சொல்லிட்டாகளா?"

"பக்கத்துலதான் இருக்காக. தூங்குதாக."

"அப்பாடா! சரி, கேளு. ஐப்பசி முகூர்த்தத்துக்கு ஐயருக்கு முன்பணம் குடுக்கணும். அப்பாவுக்கு வேட்டி சட்டை அளவு வேணும்..."

"ஐப்பசியில வேண்டாம் உலகு."

"என்னம்மா சொல்லுதே? நட்சத்திரம் அன்னைக்குத்தான வருது?"

"வரட்டும். நட்சத்திரம் பாட்டுக்கு வந்துட்டுப் போகட்டும். மருந்து வைகாசியிலதான் எறங்குமாம். அதுக்கப்புறம் வச்சுக்கிடுவோம்."

"வைகாசியில முழிக்கும்போது ஒரே கோவமா இருப்பாகன்னு நீதான சொன்னே? எல்லாரு முன்னாடியும் மாட்டேன்னுட்டாகன்னா? மண்டபம் நெறைய ஆளு இருக்கும்மா!"

"மண்டபம் வேண்டாம், ஆளும் வேண்டாம். நம்ம வீட்ல, நான் மட்டும் இருக்கேன். அவுக நல்லா முழிக்கட்டும், வெளிச்சத்துல என் மொகத்தப் பாக்கட்டும். பாத்துட்டு, தாலி கட்டுவீகளா மாட்டீகளான்னு ஒரே ஒரு தடவ கேக்கேன்."

"மாட்டேன்னு சொன்னா?"

செண்பகவல்லி தோளைக் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தாள், அவர் கழுத்து வலிக்காமல் இருக்க.

"சொன்னாச் சொல்லட்டும்" என்றாள். "அதயாவது அவுக வாயால கேக்கணும்ல."